முதலில் யாருக்கு என்று முடிவு செய்வோம்

திட்டமிடல் என்றாலே பெரிய கம்பெனிகளின் காரியம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1951இல் ராயப்பேட்டையில் புதுக்கல்லூரி தொடங்கி, ஆண்பிள்ளைகளுக்கு வழி பிறந்தது. பெண்பிள்ளைகளுக்கு? நான்கே ஆண்டுகளில், 1955இல், நீதிபதி பஷீர் அகமது சயீத் தேனாம்பேட்டையில் பெண்களுக்கென்றே எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். இருப்பதையே இன்னொன்றாகக் கட்டவில்லை, இல்லாததைக் கட்டினார்.

யாருக்கு என்று தீர்மானிப்பது பாதி வேலை. யாருக்கு இப்போது முடியாது என்று சொல்வதுதான் மனதை உறுத்தும் மீதி. கல்வி நிதியைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் ஒருவர் கட்டணமும் முழுதாக அடைபடாது. பிள்ளை இரண்டாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிடும். எத்தனை பேரை மூன்று ஆண்டும் தாங்க முடியும் என்று கணக்குப் பார்த்த பிறகே இம்முறை விண்ணப்பம் வாங்குவோம்.