பாரிஸுக்குப் பெட்டி கட்டுமுன்...

மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் கிடையாது. கொழும்பு, துபாய் என்று எங்காவது இறங்கி ஏறித்தான் போகணும். வரும் மே மாதம் நாங்கள் பாரிஸ் கிளம்புகிறோம். நாத்தனார் அங்கே குடியிருக்கிறாள். தங்கப்போவது ஒரு வாரம்தான். ஆனால் நம் வீட்டைப் பூட்டியதிலிருந்து அவள் வீட்டு வாசலை மிதிக்கும் வரை கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிவிடும். ஒரு பக்கம் 3 வயதுப் பெண், இன்னொரு பக்கம் இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார்.

"நான் வரலைம்மா, உங்களுக்குத் தொந்தரவு" என்றுதான் அத்தை ஆரம்பித்தார். மகளைப் பார்த்து 4 வருஷமாச்சு அவருக்கு! அதனால் டிக்கெட்டுக்கு முன்பே டாக்டரிடம் அழைத்துப் போனேன். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்கணும். பெரிய பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். டாக்டர் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். மே மாதத்தில் பாரிஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மேற்கே போகப் போகப் பகல் நீளும். எந்த ஊசி எத்தனை மணிக்கு என்று டாக்டரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் அத்தைக்குத் தைரியம் வந்தது.

"உள்ளே மூச்சு முட்டுமோ?" என்பது அடுத்த பயம். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. அதாவது, நம்ம கொடைக்கானல்! இருதயக் கோளாறு, நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். காற்று ரொம்ப வறண்டிருக்கும். தண்ணீர் அடிக்கடி குடிக்கணும்.

நான் பயப்படுவது கால்களுக்குத்தான். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007ல் சொன்னது. மொத்தத்தில் 6,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடியதுதான், பதற வேண்டாம். ஆனால் சமீபத்தில் பிரசவமானவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். கர்ப்பிணிகள் 28 வாரம் தாண்டினால் பல கம்பெனிகள் டாக்டர் சான்றிதழ் கேட்கும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குக் காது வலிக்கும். கைக்குழந்தையானால் அந்த நேரத்தில் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.

விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீர்கள், சில சமயம் முடிவு சொல்ல 45 நாள் கூட ஆகும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 6 வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம்.

இனி தின்பண்ட விவகாரம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வீட்டில் உருக்கிய நெய்யும் மகளுக்கு என்று அத்தை எப்போதோ முடிவு செய்துவிட்டார். நடக்காது! வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியோ பால் பண்டமோ கொண்டுவர ஐரோப்பிய யூனியனில் தடை. குழந்தைக்கான பால் பவுடர், பிரிக்காத டின்னில், ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டுபோகலாம். கறிவேப்பிலை, மாம்பழம், ஏன், நம் மதுரை மல்லிகைச் சரத்துக்குக் கூடச் செடிநலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் வேண்டாமாம், என்ன கணக்கோ!

"முருங்கைக்காய் கூட இங்கேயே கிடைக்குது அண்ணி" என்கிறாள் நாத்தனார். பாரிஸ் லா ஷப்பல் பகுதியில் வரிசையாகத் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. ஆகவே சாம்பார்ப் பொடியையும் குறைத்துவிட்டேன். பால்கோவாவுக்குப் பதில் கோவில்பட்டி கடலை மிட்டாய், 2 கிலோ. அத்தைக்கு இன்னும் அரை மனசுதான்.