மின்கம்பி துறந்த ரம்பம்

தச்சுத் தொழில் மனிதன் கற்ற தொழில்களுள் மிகவும் தொன்மையானவற்றில் ஒன்று. உளி, இழைப்புளி, ரம்பம், சுத்தி ஆகிய நான்கும் பல நூற்றாண்டுகளாக உருவத்தில் பெரிய மாறுதல் இன்றி வந்திருக்கின்றன. ஆனால் இன்று ஹைதராபாத் நகரின் மேற்குப் பகுதிகளில் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களுள் நுழைந்து பார்ப்போர் ஒரு புதிய காட்சியைக் காணலாம். கதவு நிலையைச் சுற்றி அலங்காரச் சட்டம் பொருத்தும் தச்சர், சுவரில் மின்சார இணைப்பு இருக்கிறதா என்று தேடுவதில்லை. கையடக்கமான மின்கலத்தைக் கருவியில் செருகிச் சட்டத்தை வெட்டுகிறார். மற்றொரு கருவியால் ஆணியை அடிக்கிறார். கருவியைப் பிணைத்திருந்த மின்கம்பி மறைந்துவிட்டது.

இந்த மாறுதல் ஒரு தனிக் கண்டுபிடிப்பினால் ஏற்பட்டதன்று. கடினமான பல், இலேசான மின்கலம், வலிமை மிக்க காந்தம் ஆகிய மூன்றும் கூடியதால் விளைந்தது. இம்மூன்றுக்கும் அடிப்படையான பொருள்கள் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சிச் சாலைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. ஆகவே தச்சரின் கையிலுள்ள கருவியைப் புரிந்துகொள்ள, அந்நகரின் ஆராய்ச்சிச் சாலைகளையும் எட்டிப் பார்ப்பது பயன் தரும்.

மூலை வெட்டின் கணக்கு

கதவு, ஜன்னல் ஆகியவற்றின் ஓரத்தில் இடைவெளியை மறைக்கப் பொருத்தும் சட்டங்களும் பீடிங்குகளும் மூலையில் சந்திக்கும்போது, ஒவ்வொன்றும் 45 பாகைச் சாய்வில் வெட்டப்படுகிறது. இரண்டு 45 பாகைகள் சேர்ந்து 90 பாகை ஆகின்றன. இது எளிதாகத் தோன்றினும், சிறு பிழையும் இங்கே பெரிதாகி விடுகிறது. 60 மில்லிமீட்டர் அகலமுள்ள இரு சட்டங்களை வெட்டுவதில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாகை தவறினால், மூலையில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். நான்கு மூலைகளுள்ள ஒரு சட்டகத்தில் எட்டு வெட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகைப் பிழை ஒரே திசையில் நேர்ந்தால், கடைசி மூலை 4 பாகை விலகி நிற்கும்.

இப்பிழையைத் தவிர்க்கவே மூலைவெட்டு ரம்பம் ஏற்பட்டது. வட்ட வடிவமான ரம்பத் தகடு ஒரு கையில் பொருத்தப்பட்டு, பாகைக் குறிகள் இட்ட மேடையின் மீது இறங்கி வெட்டுகிறது. 216 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தகடு நிமிஷத்துக்கு 4,000 முறை சுழலுமாயின், அதன் விளிம்பிலுள்ள பல் மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் மரத்தைச் சந்திக்கிறது.

ஆயினும் கருவி செம்மையாக வெட்டிய மூலையும் பின்னர் பிளக்கக்கூடும். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் இழந்தும் அகலத்தில் விரிந்து சுருங்குகிறது. நீளத்தில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஹைதராபாத்தின் வறண்ட கோடையில் மரம் சுருங்கும்போது மூலை உட்புறத்திலும், பருவமழைக் காலத்தில் விரியும்போது வெளிப்புறத்திலும் திறந்துகொள்கிறது. இதன் பொருட்டே இந்தியத் தர நிர்ணய விதிகள் காற்றின் ஈரத்தை அளவாகக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மரம் எவ்வளவு ஈரத்துடன் இருக்கலாம் என்று வரையறுத்துள்ளன. நன்கு பதப்படுத்தாத மரத்துக்கு எந்த ரம்பமும் உதவாது.

பல்லின் கடினம்

சாதாரண எஃகுப் பல் ஒட்டுப்பலகையையும் அதிலுள்ள பசையையும் அறுக்கும்போது விரைவில் மழுங்கும். மழுங்கிய பல்லுக்கு அதிகச் சக்தி வேண்டும்; மின்கலத்திலுள்ள சக்தியோ அளவானது. எனவே ஒவ்வொரு பல்லின் நுனியிலும் டங்ஸ்டன் கார்பைடுத் துண்டு ஒன்று பற்றவைக்கப்படுகிறது. டங்ஸ்டன் கார்பைடுத் தூளை மட்டும் உருக்கி வார்ப்பது கடினம். வார்த்தாலும் எளிதில் உடையும். 1923-ல் ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் அத்துடன் கோபால்ட் உலோகத் தூளைக் கலந்து அழுத்திச் சூடாக்கினார். உருகிய கோபால்ட், கற்களைப் பிணைக்கும் சாந்துபோல் கார்பைடு மணிகளைப் பிணைத்தது. தூளிலிருந்து பொருள் செய்யும் இம்முறையே தூள் உலோகவியல் எனப்படுகிறது.

இத்துறைக்கென்றே ஹைதராபாத்தின் பாலாப்பூரில் ஏ. ஆர். சி. ஐ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆராய்ச்சி மையம், மத்திய விஞ்ஞான தொழில்நுட்ப இலாகாவின் ஆதரவில் இயங்கி வருகிறது. டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட் கலவையை வெடிப்பு வேகத்தில் பீய்ச்சி, தேயும் பாகங்களின் மீது பூசும் முறையை அது வளர்த்துள்ளது.

டங்ஸ்டன் தாது நிலத்தினுள் இருப்பது மட்டும் போதாது. அதை எடுப்பதற்கும் விலை உண்டு. மதுரை மாவட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிவாயிற்று. பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் ஒரு பகுதி அதன் எல்லைக்குள் அடங்கியதால் கிராம மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது.

மின்கலமும் காந்தமும்

கம்பியில்லாத மின்சாரத் துளைக்கருவியை அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி 1961-ல் வெளியிட்டது. அதில் நிக்கல், காட்மியம் மின்கலங்கள் இருந்தன. அத்தகைய கலம் ஒன்று 1.2 வோல்ட் மட்டுமே தரும். 18 வோல்ட்டுக்கு 15 கலங்கள் தேவை. 1991-ல் வாணிபத்துக்கு வந்த லிதியம் அயனிக் கலமோ சுமார் 3.6 வோல்ட் தருகிறது. ஐந்து கலங்களே போதும். அதே எடையில் அது மூன்று, நான்கு மடங்கு சக்தியைச் சேமிக்கிறது. இக்கலத்தை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

கைக்கருவிகளின் கலங்களில் பெரும்பாலும் நிக்கல் சேர்ந்த ஆக்சைடு பயன்படுகிறது. பாலாப்பூர் மையம் லிதியம் இரும்பு பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருளைத் தயாரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது. இது எடைக்கு எடை சற்றுக் குறைந்த சக்தியே தரினும், அதிக உஷ்ணத்தைத் தாங்கும், கோபால்ட் தேவையில்லை. ஆகவே வாகனங்களுக்கு மிகவும் ஏற்றது.

சேமித்த சக்தியை வீணாக்காமல் சுழற்சியாக மாற்றுவது மோட்டாரின் வேலை. பழைய மோட்டாரில் கரித்துண்டுகள் உரசி மின்சாரத்தைச் செலுத்தின; உரசலில் சக்தி உஷ்ணமாக வீணாயிற்று. புதிய மோட்டாரில் சுழலும் பாகத்திலேயே நிலைக்காந்தம் உள்ளது. மின்னணுச் சுற்று உரசல் இன்றி மின்சாரத்தை மாற்றி மாற்றிச் செலுத்துகிறது. இதற்கு உகந்தது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் 1980-களின் தொடக்கத்தில் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். சாதாரண ஃபெரைட் காந்தத்தைவிட இதன் காந்தச் சக்தி சுமார் பத்து மடங்கு.

நியோடிமியம் அடங்கிய மோனசைட் மணல் நமக்குப் புதிதன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் அது கிடைக்கிறது. கடற்கரை மணல்களில் இத்தாதுக்களைத் தேடிக் கணிக்கும் அணுக் கனிமங்கள் இயக்ககத்தின் தலைமையகமும் ஹைதராபாத்திலேயே உள்ளது. ஆயினும் மணலைக் காந்தமாக்கும் இடைப்பட்ட தொழில்களில் நம் நாடு பின்தங்கியிருந்தது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் பொருள்களுக்கும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது அதன் விளைவு நம் தொழிற்சாலைகளிலும் உணரப்பட்டது. பாலாப்பூர் மையமும், கஞ்சன்பாக்கிலுள்ள இரும்பல்லாத உலோகங்களுக்கான தொழில்நுட்ப மையமும் இக்காந்தங்களை உள்நாட்டில் தயாரிக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளன.

ஆணி அடிக்கும் கருவி

அலங்காரச் சட்டத்துக்குப் பருமனான ஆணி ஆகாது, மரம் பிளந்துவிடும். ஆகவே சுமார் 1.2 மில்லிமீட்டர் பருமனுள்ள சிறுதலை ஆணி உபயோகிக்கப்படுகிறது. பசை இறுகும்வரை சட்டத்தைப் பற்றியிருப்பதே அதன் முக்கிய வேலை. முன்பு இக்கருவி காற்றழுத்தி யந்திரத்தையும் ரப்பர்க் குழாயையும் நம்பியிருந்தது. இப்போது மின்கல மோட்டார் கனமான சக்கரத்தைச் சுழற்றியோ, உருளைக்குள் காற்றை அழுத்தியோ சக்தியைத் தேக்கி, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் விடுவிக்கிறது. முனையை மரத்தில் அழுத்தினால் அன்றி ஆணி வெளிவராதபடி பாதுகாப்பும் அமைந்துள்ளது. இதைச் செயலிழக்கச் செய்வது கையையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

கண்ணுக்குத் தெரியாத அபாயம்

மின்கம்பி போனதால் ரம்பம் எந்த அறைக்குள்ளும் செல்லமுடிகிறது. முன்பு முற்றத்தில் வெட்டப்பட்ட சட்டம் இன்று ஜன்னல் மூடிய அறைக்குள் வெட்டப்படுகிறது. நுண்ணிய மரத்தூள் அங்கேயே தங்கிவிடுகிறது. மூக்கினுள்ளும் அதை அடுத்த எலும்புக் குழிகளிலும் புற்றுநோயை விளைவிக்க வல்லதென மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் வகைப்படுத்தியது. பலகைகளை ஒட்டும் பசைகளில் உள்ள ஃபார்மால்டிஹைடும் அவ்வாறே பின்னர் வகைப்படுத்தப்பட்டது. நோய் தோன்றப் பல ஆண்டுகள் ஆகுமாதலால், தொழிலாளர் அதனைத் தம் தொழிலோடு தொடர்புபடுத்தி நினைப்பதில்லை. ரம்பத்தின் தூள் உறிஞ்சு துவாரத்தில் பையோ குழாயோ இணைத்தல், கூடுமானவரை திறந்த வெளியில் வெட்டுதல், முகத்தோடு நன்கு படியும் தரமான முகமூடி அணிதல் ஆகிய மூன்றும் செலவு குறைந்த காப்புகள். இவற்றைத் தொழிலாளருக்கு அளிப்பது வேலை கொடுப்போரின் கடமை.

கருவியின் ஆயுள் முடிந்த பின்னும் அதன் பொருள்களின் மதிப்பு முடிவதில்லை. பற்களில் டங்ஸ்டனும் கோபால்ட்டும், கலத்தில் லிதியமும் நிக்கலும், மோட்டாரில் நியோடிமியமும் எஞ்சியிருக்கின்றன. உபயோகித்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மீட்பதற்குத் தயாரிப்பாளரே பொறுப்பென 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் கூறுகின்றன. பழைய கலத்தைக் குப்பையில் எறிந்தால் தீ விபத்து நேரக்கூடும்; உரிய இடத்தில் ஒப்படைத்தால், புதிதாகத் தோண்ட வேண்டிய நிலத்தின் ஒரு பகுதி மிச்சமாகும்.