ரத்தம் மறப்பதில்லை

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1846-இல் தட்டம்மை பரவியது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் நோயில் படுத்தார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் பானும் என்பவர் வீடு வீடாக விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை. 65 ஆண்டுகள் கழித்தும் அவர்கள் உடம்புக்கு அந்தக் கிருமி ஞாபகம் இருந்தது.

இந்த ஞாபகத்தைக் காப்பவை வெள்ளையணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம். வெள்ளையணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான். இவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். முழங்காலில் சிராய்த்தால் முதலில் ஓடிவருபவை இவையே. கிருமிகளை விழுங்கிவிட்டுத் தாமும் மடியும். புண்ணில் கட்டும் சீழில் பெரும்பகுதி இவைதான்.

வெள்ளையணுக்களில் இன்னொரு வகையான லிம்போசைட்டுகளின் வேலை வேறு. அவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். தனக்குரிய கிருமி வந்ததும் அது பெருகத் தொடங்கும். பி வகை லிம்போசைட்டுகள் ஆன்டிபாடி என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கும். முதல் தடவை இதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் நோய் முந்திக்கொள்ளும். நோய் தீர்ந்தபின் சில அணுக்கள் ஞாபக அணுக்களாகத் தங்கிவிடும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் சில நாட்களிலேயே படை தயார்.

நோயில் படுக்காமலே அந்த முதல் அறிமுகத்தை நடத்தி வைப்பது தடுப்பூசி. தட்டம்மை ஊசியில் இருப்பது வலுவிழந்த கிருமி. ஹெபடைடிஸ் பி ஊசியில் கிருமியின் மேலுறைப் புரதம் மட்டும்தான்.

அதே ஊசியைத் திரும்பத் திரும்ப ஏன் போட வேண்டும் என்று குழந்தைகள் கேட்பது நியாயமான கேள்வி. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை இந்தியாவில் குழந்தை பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஞாபக அணுக்கள் கூடும். ஆன்டிபாடிகள் கிருமியை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். ஊசி போட்ட அன்று இரவு உடம்பு லேசாகக் காய்ந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள்.

ஆனால் தட்டம்மைக் கிருமி, இப்படிச் சேர்ந்த ஞாபக அணுக்களையே தாக்கி அழிக்கும். தட்டம்மை வந்துபோன குழந்தைகள் வேறு பல கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளையும் இழந்திருந்ததை 2019-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என்று போடப்படும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி, மற்ற நோய்களைப் பற்றி உடம்பு கற்றுவைத்த பாடங்களையும் சேர்த்தே காக்கிறது.