சாவியைக் கொடுத்தது யார்?

மாலை ஐந்தரை மணிக்கு எந்த ஊர் டியூஷன் சென்டர் வாசலுக்குப் போனாலும் ஒரு வரிசை ஸ்கூட்டர்கள் நிற்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் ஓட்டி வந்தவை. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். வீடு திரும்பும்போது சில வண்டிகளில் மூன்று பேர் ஏறுவார்கள். வீட்டில் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ‘‘பக்கத்துத் தெருதானே’’, ‘‘மெயின் ரோட்டுக்குப் போகமாட்டான்’’, ‘‘அவங்க அப்பாவைவிட நல்லா ஓட்டுவா.’’ அம்மா, அப்பா இருவருமே வேலைக்குப் போகிறார்கள். கொண்டுபோய் விட ஆளில்லை. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. இந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. பிள்ளை எட்டு மணிக்குத் திரும்பி வந்து தோசை கேட்கும். ஒன்றும் நடக்காத அந்த நாட்களில் பெற்றோர் செய்தது சரியா, தவறா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தத்துவ அறிஞர்கள் நிறையவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு அப்பாக்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே தெரு. இருவருமே பதினாறு வயது மகனிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். முதல் பையன் போகும் வழியில் குறுக்கே யாரும் வரவில்லை. இரண்டாவது பையன் திரும்பிய முனையில் ஒரு முதியவர் பால் பாக்கெட்டோடு சாலையைக் கடக்கிறார். ஒருவர் வீட்டில் அன்றைக்கு வழக்கமான இரவு. இன்னொருவர் வீட்டில் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, ஆயுளுக்கும் போகாத குற்ற உணர்வு. ஊர் இரண்டாமவரை மட்டும், ‘‘பொறுப்பே இல்லாத மனுஷன்’’ என்று பேசும். ஆனால், இருவரும் செய்த காரியம் ஒன்றுதான். வித்தியாசம் அந்த முதியவர் வீட்டைவிட்டுக் கிளம்பிய நேரம்.

இதற்குத் தத்துவத்தில் ‘தார்மிக அதிர்ஷ்டம்’ என்று பெயர். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு அறிஞர்கள் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இன்றும் பேசப்படுகின்றன. நேகல் தந்த உதாரணமும் ஒரு வாகனம்தான். குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் நடைபாதையில் ஏறுகிறது. அங்கே ஆள் இல்லையென்றால் அவர் தப்பித்தார், இருந்தால் கொலைப்பழி. ஒருவருடைய கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றை வைத்து அவரை நல்லவர், கெட்டவர் என்று எப்படித் தீர்மானிப்பது? நேகல் இதற்குச் சுலபமான விடை எதையும் சொல்லிவிடவில்லை. ஆனால், சாவி கொடுக்கும் வீடுகளுக்கு இதில் ஒரு சங்கடமான செய்தி இருக்கிறது. ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்பது பெற்றோரின் பொறுப்புக்கு அத்தாட்சி அல்ல. அது அதிர்ஷ்டத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டியது.

பதினைந்து கோப்பைகள்

விளைவை வைத்து எடைபோடும் பழக்கம் சின்ன வயதிலேயே நம்மிடம் இருப்பதைக் காட்டியவர், சுவிட்சர்லாந்தின் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே. 1932-ல் வெளிவந்த அவரது புத்தகத்தில் இரண்டு சிறுவர்களின் கதை வருகிறது. ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் கோப்பைகள் வைத்த தட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. பதினைந்தும் உடைந்துபோகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் நாற்காலியில் ஏறி அலமாரியிலிருந்து ஜாம் எடுக்கப் பார்க்கிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய தப்பு?

சின்னக் குழந்தைகளில் பலர் பதினைந்து உடைத்தவனைத்தான் சொன்னார்கள். சற்று வளர்ந்த குழந்தைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, யார் என்ன நினைத்துச் செய்தான் என்று பார்த்தார்கள். அப்படியானால் வளர்ந்தவர்கள் எல்லோருமே எண்ணத்தைத்தான் பார்க்கிறோமா? கைதவறி டி.வி-யை உடைத்த பிள்ளைக்கு விழும் அடியையும், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக் கிடைக்கும் லேசான கண்டிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பல வீடுகளில் இன்னும் கோப்பைகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம், ‘மாட்டாத வரைக்கும் தப்பில்லை.’

சட்டம் இதில் வேறு வழியில் போகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதற்கெல்லாம் யாரையாவது இடித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதே குற்றம்தான்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம், ‘உரிமையாளர்’ என்ற வார்த்தை. பல வீடுகளில் ஸ்கூட்டர் அம்மாவின் பெயரில் இருக்கும். சாவியைத் தூக்கிக் கொடுத்தது அப்பாவாக இருந்தாலும், ஆர்.சி-யில் பெயர் இருப்பவரையும் சட்டம் தேடி வரும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் அனுமதி தந்திருக்கின்றன.

‘‘எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்’’ என்று சொன்னால்? சொல்லலாம். ஆனால், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது. அவர்களுடைய சம்மதத்தோடுதான் பிள்ளை ஓட்டியது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தமக்குத் தெரியாது என்றோ, தடுக்க வேண்டிய கவனம் அத்தனையும் எடுத்தோம் என்றோ அவர்கள்தான் காட்ட வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் ஏறக்குறைய இதைத்தான் வாதாடினார். அறியாமை மன்னிக்கத்தக்கது, ஆனால், கவனமாக இருந்திருக்கலாம் என்ற இடத்தில் கவனிக்காமல் விட்டதால் வந்த அறியாமைக்கு அந்தச் சலுகை கிடையாது. சாவி டி.வி-க்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் வீட்டில், ‘தெரியாது’ என்ற வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்?

தேர்க்காலும் கன்றும்

பிள்ளை ஓட்டிய வாகனம், அதில் போன உயிர், பெற்றவரின் பொறுப்பு. இந்த மூன்றும் சேர்ந்த கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. திருவாரூரில் கல்தேர் இருக்கிறது. பசு மணியடித்தது, மன்னன் மகன்மீது தேரை ஏற்றினான், இறைவன் தோன்றி எல்லோரையும் உயிர்ப்பித்தான் என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். பெரியபுராணம் சொல்லும் கதையில் பலர் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் உண்டு.

இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அவன் துடித்துப்போகிறான், தந்தைக்குப் பழி வந்துவிடக் கூடாதே என்று அந்தணர்களிடம் பரிகாரம் கேட்கப் போகிறான். அமைச்சர்களும் அரசனிடம் அதையே சொல்கிறார்கள். இது விபத்து, பிராயச்சித்தம் போதும். அதற்கு மன்னன் கேட்கும் கேள்விதான் முக்கியம். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனுக்கு மரண தண்டனை, என் மகன் கொன்றால் பரிகாரமா? அப்படிச் செய்தால் நான் வைத்த நீதியை நானே அழித்தவன் ஆக மாட்டேனா?

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர் இம்மானுவேல் கான்ட்டின் அறக்கொள்கைக்கு நெருங்கிய உறவு இது. எல்லோருக்கும் பொதுவிதியாக வைக்க முடியாத ஒன்றை, உனக்கு மட்டும் விதிவிலக்காக எடுத்துக்கொள்ளாதே என்கிறார் அவர். மன்னன் கொடுத்த தண்டனையை இன்றைக்கு யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆனால், அவன் கேட்ட கேள்விக்கு வயதாகவில்லை. ‘‘என் பொண்ணு நிதானமா ஓட்டுவா’’ என்று சொல்லும் அம்மா, எதிர்வீட்டுப் பதினாறு வயதுப் பையன் தன் தெருவில் வண்டியை விரட்டும்போது, ‘‘பெத்தவங்க என்ன வளர்த்திருக்காங்க!’’ என்று சொல்லாமல் இருக்கிறாரா?

2024 மே மாதம் புனேவில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். விபத்துகள் பற்றி 300 வார்த்தைகளில் கட்டுரை எழுதச் சொல்லி அவனுக்கு ஜாமீன் கொடுக்கப்பட்டதைக் கேட்டு நாடே கொதித்தது. அந்தக் கோபத்தில் இன்னொன்று கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. பையனின் ரத்த மாதிரியை மாற்றச் சதி செய்ததாகப் பெற்றோர் மீதே குற்றச்சாட்டு எழுந்து, அவர்கள் கைதானார்கள். வழக்கின் முடிவு எதுவானாலும் அது நீதிமன்றத்தின் வேலை. ஆனால், பிள்ளை மாட்டிக்கொண்டால் முதலில் எதை நோக்கி ஓடுவோம் என்பது ஒவ்வொரு வீடும் தனக்குள் கேட்டுப் பார்க்க வேண்டியது.

அபராதத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை; ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ‘டீச்சரைக் காக்க வைக்கிறோமே’ என்றிருந்த உறுத்தல் போய், ‘அதுக்குத்தான் காசு கட்டுறோமே’ என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய உறுத்தல் திரும்பி வரவில்லை. டிராஃபிக் போலீஸிடம் ‘ஏதோ பார்த்து முடிச்சுக்கலாம்’ என்று அப்பா பேசுவதைப் பின் சீட்டிலிருந்து கேட்கும் பிள்ளைக்கும் இதே கணக்குதான் பதிகிறது.

வண்டியைத் தடுத்தால் மாற்று வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு சைக்கிளே கொடுக்கிறது. சைக்கிளில் போக முடியாத தூரமென்றால், ஒரே டியூஷனுக்குப் போகும் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசலாம். நாளுக்கொரு பெற்றோர் முறை வைத்தும் அழைத்து வரலாம். ‘எல்லாரும் ஓட்டுறாங்க, நான் மட்டும்தான்...’ என்ற புலம்பலுக்கும் நான்கு வீடுகள் சேர்ந்து சொல்லும் ‘இல்லை’தான் தாங்கும். ஒரு வீடு தனியாகச் சொன்னால் அந்தப் பிள்ளை நண்பனின் வண்டியில் பின்னால் ஏறிவிடும்.

பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர். எடுக்கலாம். அதிலிருந்து 30 நாட்கள் கழித்துதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அந்த ஒரு மாதம் பின் சீட்டில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து போகலாம், அவர்களிடம் லைசென்ஸ் இருந்தால். இல்லாத அப்பாக்களும் நம் ஊரில் கணிசமாக உண்டு.