இரத்தம் உறையாத நோயும் குடும்பங்களின் கூட்டுறவும்

ஓர் ஊரில் நூறு பேருக்குக் காய்ச்சல் கண்டால் ஊர் முழுவதும் விழித்துக்கொள்கிறது. குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படுகிறது. சுகாதார ஊழியர்கள் வீடுதோறும் வருகின்றனர். பஞ்சாயத்துக் கூட்டத்திலும் அதுவே பேச்சாக இருக்கிறது. ஆனால் பல்லாயிரம் மக்களிடையே ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு நோய் நேர்ந்தால், ஊராருக்கு அதன் பெயர்கூடத் தெரிவதில்லை. நோயின் துன்பம் ஒரு பங்கு. கேட்டறிந்து வழி சொல்ல எவரும் இல்லாத தனிமை மற்றொரு பங்கு. அக்குடும்பம் இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது.

இவ்வகை அரிய நோய்களுள் ஒன்று ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையாத நோய். இந்நோயுள்ள குடும்பங்கள் ஒன்றுகூடித் தம் துன்பத்தை எவ்வாறு குறைத்துக்கொண்டன, அவ்வாறு கூடுவதற்கு உள்ளாட்சி மன்றங்கள் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

கை கால்களில் காயம் பட்டால் இரத்தம் சிறிது நேரம் கசிந்து, பின்னர் உறைந்து நின்றுவிடுகிறது. இது தானாக நடப்பதுபோல் தோன்றினாலும், இரத்தத்திலுள்ள பல காரணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்வதன் விளைவேயாகும். கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கு இதனை எளிதில் விளக்கலாம். தலை மதகு முதல் வயலின் மடை வரை எல்லாம் முறையே திறந்தால்தான் பயிருக்கு நீர் சேரும். நடுவில் ஒன்று அடைபட்டுவிட்டால், மற்றவை பழுதற்றிருந்தும் பயனில்லை. இரத்தம் உறைவதற்குரிய எட்டாம் காரணி குறைந்திருந்தால் அது ஹீமோபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்திருந்தால் ஹீமோபிலியா பி.

இந்நோயாளியின் இரத்தம் பிறரைவிட வேகமாகப் பெருகுவதில்லை. நெடுநேரம் நிற்காமல் கசிகிறது. வெளியே தெரியும் காயத்தைக் காட்டிலும் உள்ளே ஏற்படும் கசிவே மிகுந்த தீங்கு செய்கிறது. முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள் இரத்தம் கசிந்து வீக்கமும் வலியும் உண்டாகின்றன. இது பலமுறை நேர்ந்தால் மூட்டு தேய்ந்து விறைத்துப்போகிறது. தலைக்குள் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில் இந்நோய் தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். குழந்தை தவழும் பருவத்திலேயே உடம்பில் நீலம் பாரித்த கன்றல்கள் காணப்படும். பால் பல் விழுந்தால் இரத்தம் எளிதில் நில்லாது. ஐந்தாறு வயதில் ஒரு நாள் முழங்கால் வீங்கும். சுளுக்கு என்று கருதி எண்ணெய் தடவி உருவிவிடுவார்கள். உருவ உருவ உட்கசிவு மிகும். பிள்ளை பள்ளிக்குச் செல்வது தடைப்படும். சில ஆண்டுகளில் கால் மடங்கியபடியே நின்றுவிடும். நோய் இன்னதென்று தொடக்கத்திலேயே அறிந்திருந்தால், இந்த ஊனத்தைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

தாயின் குற்றமன்று

இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றுகிறது. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோம் என்னும் இழையில் உள்ளது. பெண்ணுக்கு இவ்விழை இரண்டு உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. ஆணுக்கு உள்ளது ஒன்றே. ஆகவே பழுதான மரபணுவைத் தாங்கி வரும் தாய் நலமாகவே காணப்படுவாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பெண் குழந்தையும் தாயைப்போல் அதனைத் தாங்கி வருவதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

இதனை அறியாத வீடுகளில் பழி முழுவதும் தாயின்மீது விழுகிறது. அவள் பிறந்த வீட்டைக் குறை கூறுவோரும், முன்வினை என்போரும் உண்டு. இந்நோய் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் நோய் இருந்ததில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாறுதலே காரணமாகிறது. குலமோ செல்வமோ இதற்குத் தடையன்று. இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாருடைய கடைசி மகன் லியோபோல்டு இந்நோயுடையவர். 1884-ஆம் ஆண்டு கீழே விழுந்ததன் விளைவாக உயிர் நீத்தார். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாசின் ஒரே மகனுக்கும் இந்நோய் இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் இங்குக் கருத வேண்டும். தாய்மாமனுக்கு இந்நோய் இருந்து, அவர் தம் அக்காள் மகளையே மணந்தால், அப்பெண்ணும் பழுதான மரபணுவைத் தாங்கியிருக்கக்கூடும். அவ்வாறாயின் அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் நோய் வரலாம். ஆகையால் இத்தகைய குடும்பங்களில் திருமணத்திற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

ஊருக்கு ஒருவர், மாவட்டத்திற்குப் பலர்

பிறக்கும் ஆண் குழந்தைகள் ஏறத்தாழ 5,000 பேருள் ஒருவருக்கு ஹீமோபிலியா ஏ உண்டாகிறது என்பது மருத்துவர் கணக்கு. ஹீமோபிலியா பி இன்னும் அரிது. காமயகவுண்டன்பட்டி போன்ற ஒரு பேரூரில் இந்நோயுள்ளவர் ஒருவரோ இருவரோ இருக்கலாம். ஒருவருமே இல்லாதிருக்கவும் கூடும். ஆனால் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தேனி மாவட்டத்தில் ஆண்கள் மட்டும் 6 லட்சத்து 25 ஆயிரத்திற்கு மேல் இருந்தனர். மேற்கண்ட விகிதத்தைக் கொண்டு பெருக்கிப் பார்த்தால், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்று வருகிறது.

இக்கணக்கின் பொருளைச் சிந்திக்க வேண்டும். கம்பத்தில் ஒரு வீடு, சின்னமனூரில் ஒரு வீடு, போடியில் ஒரு வீடு, ஆண்டிபட்டியில் ஒரு வீடு என்று இக்குடும்பங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் உலகத்திலேயே தனக்கு மட்டும் இத்துன்பம் நேர்ந்ததாக எண்ணுகிறது. இரண்டு பசு வைத்திருப்பவர் தாமாகப் பாலுக்கு விலை பேச முடியாமல், சங்கம் சேர்ந்த பின்னர் பேச முடிந்ததை நம் கிராமங்கள் கண்டிருக்கின்றன. நோயுற்ற குடும்பங்களுக்கும் அவ்வழியே பொருந்தும்.

குடும்பங்கள் கூடிய வரலாறு

உலகெங்கும் இந்நோயைப் பற்றிய விழிப்பை வளர்த்ததில் நோயாளிகளுக்கே பெரும் பங்கு உண்டு. கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரத்து வணிகரான பிராங்க் ஷ்னேபெல் என்பவர் தாமே இந்நோயுடையவர். பல நாட்டு நோயாளர் சங்கங்களை இணைத்து, 1963-ஆம் ஆண்டு உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை அவர் தோற்றுவித்தார். அவர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 17-ஆம் நாள், 1989 முதல் உலக ஹீமோபிலியா நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

நம் நாட்டிலும் இந்நோயுடைய அசோக் வர்மா என்பவரின் முயற்சியால் 1983-இல் புது டில்லியில் ஹீமோபிலியா கூட்டமைப்பு தொடங்கப்பெற்றது. இன்று அதன் கிளைச் சங்கங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை முதலிய நகரங்களில் அவை இயங்குகின்றன. நோயாளிகளும் பெற்றோருமே இச்சங்கங்களின் உயிர்நாடி. தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் தனிக் குழுக்களும் உண்டு.

விடுபட்ட காரணியை மருந்தாக ஊசி மூலம் இரத்தக் குழாயில் செலுத்துவதே இந்நோய்க்குரிய முக்கிய சிகிச்சை. முன்பு இம்மருந்தின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாததாயிருந்தது. குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஓயாது முறையிட்டு வந்தன. படிப்படியாக மாநில அரசாங்கங்கள் இதனைக் கட்டணமின்றி வழங்க முன்வந்தன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசமாக அளிக்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் இடம் பெற்றது. தனி ஒருவரின் குரலால் இவை கைகூடியிருக்குமா என்பது ஐயமே.

கூடுவதால் விளையும் பயன்

குடும்பங்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது நடப்பது வெறும் ஆறுதல் பேச்சன்று. மூட்டு வீங்குவதற்கு முன்பே அங்கே ஒருவிதக் கூச்சமும் வெதுவெதுப்பும் தோன்றும். அதுவே கசிவின் முதல் அடையாளம் என்பதை அனுபவமுள்ள தாய் புதிய தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மருந்தைத் தானே ஊசி மூலம் செலுத்திக்கொள்ளப் பயின்ற இளைஞன், சிறுவனின் அச்சத்தைப் போக்குகிறான். எந்த மருத்துவமனையில் எந்த நாளில் யாரைப் பார்ப்பது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்பன போன்ற செய்திகள் ஒரே நாளில் தெரிந்துவிடுகின்றன.

இவற்றைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. "என் பிள்ளை வளர்ந்து ஆளாவானா?" என்பதே பெற்றோரின் நெஞ்சை அரிக்கும் கேள்வி. படித்து, வேலை பார்த்து, மணம் புரிந்து வாழும் ஒருவர், "எனக்கும் இதே நோய்தான்" என்று எதிரே வந்து நிற்கும்போது, அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. எந்த மருத்துவரின் சொல்லும் அந்த அளவுக்குத் தைரியம் அளிப்பதில்லை.

செய்யத் தக்கதும் தகாததும்

கசிவு ஏற்பட்ட உறுப்பை அசைக்காமல் ஓய்வில் வைத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒற்றி, அளவான கட்டுப் போட்டு, சற்று உயர்த்தி வைத்தல் வேண்டும். பின்னர் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உறைகாரணி மருந்து இரண்டு மணி நேரத்திற்குள் கிடைத்தால் மிகவும் நன்று. தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிடினும் உடனே செல்ல வேண்டும்.

வீங்கிய மூட்டை உருவுதலும் தேய்த்தலும் கூடா. சதையில் போடும் ஊசியைத் தவிர்த்தல் வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் கசிவை மிகுதிப்படுத்தும். ஆகவே அவற்றைக் கொடுக்கலாகாது. பல் பிடுங்குதல், சுன்னத்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றிற்கு முன் நோயைப் பற்றி மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. தடுப்பூசிகளை நிறுத்த வேண்டுவதில்லை. மருத்துவரிடம் கூறினால் ஏற்ற முறையில் போடுவார்.

புதிய சிகிச்சைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோபிலியா ஏ நோயுள்ள ஐவருக்கு மரபணுச் சிகிச்சை அளிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக் கசிவு நேரவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இது எல்லோருக்கும் எட்ட இன்னும் காலம் ஆகும். எட்டும் நாளில் பயன் பெறுவதற்கு, பிள்ளைகளின் மூட்டுகளை இன்று காத்து வைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்துக்களின் பங்கு

இவ்விஷயத்தில் ஊராட்சி, பேரூராட்சி உறுப்பினர்கள் செய்யக்கூடிய பணிகள் பல. அவற்றுக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை.

முதலாவது, கண்டறிதல். அடிக்கடி மூட்டு வீங்கிப் பள்ளிக்கு வராத சிறுவர்களைப் பற்றி ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அறிவார்கள். அவர்களைக் கலந்து, அக்குழந்தைகளைக் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பரிசோதனைக்கு அனுப்பி வைக்கலாம்.

இரண்டாவது, அறிமுகம் செய்தல். ஒரு குடும்பத்தின் இசைவைப் பெற்று, அண்டை ஊர்களில் அதே நோயுள்ள குடும்பத்துடன் தொடர்பு ஏற்படுத்தலாம். மதுரைச் சங்கத்துக்கு எழுதி உறுப்பினராகச் சேர்க்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் அவர்கள் கூடுவதற்குச் சமுதாயக் கூடத்தை வாடகையின்றி அளிக்கலாம்.

மூன்றாவது, அவசர உதவி. நள்ளிரவில் கசிவு ஏற்பட்டால் 108 வண்டியை அழைக்கவும், அது வரத் தாமதமானால் வேறு வண்டி அமர்த்தவும் அத்தெருவில் இருவர் பொறுப்பேற்கலாம்.

நான்காவது, பள்ளி. இந்நோயுள்ள சிறுவனை மற்றவரிடமிருந்து ஒதுக்கி வைக்க வேண்டுவதில்லை. மோதி விழும் ஆட்டங்களைத் தவிர்த்து, நடத்தல், நீந்துதல் போன்ற பயிற்சிகளில் ஈடுபடுத்தினால் தசைகள் வலுப்பெற்று மூட்டுகளைக் காக்கும். இதை ஆசிரியர்கள் அறியச் செய்ய வேண்டும்.

ஒரு சொல் எச்சரிக்கையாகவும் கூற வேண்டியிருக்கிறது. நோயாளியின் பெயரைப் பொதுக் கூட்டத்தில் படிப்பதும், குடும்பத்தின் சம்மதமின்றி ஊருக்கு அறிவிப்பதும் தவறு. அக்குடும்பத்துப் பெண்ணின் திருமணப் பேச்சு அதனால் முறிந்துபோகலாம். பிறர் மறைவை மதித்துச் செய்யும் உதவியே உதவியாகும்.

இங்குக் கூறியவை ஹீமோபிலியாவுக்கு மட்டும் உரியவை அல்ல. தசைச்சிதைவு நோய், தலசீமியா முதலிய பிறவி நோய்களுள்ள குடும்பங்களும் இவ்வாறே சிதறிக் கிடக்கின்றன. அவர்களுக்கும் மருந்துக்கு அடுத்தபடியாக வேண்டுவது, தம்மைப் போன்ற மற்றொரு குடும்பத்தின் முகவரி. காமயகவுண்டன்பட்டியிலுள்ள தாய்க்கு ஆண்டிபட்டியிலுள்ள தாயை யார் அறிமுகம் செய்வது? இரு ஊர்களிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றங்கள் இருக்கின்றன. ஓர் உறுப்பினர் மற்றோர் ஊர் உறுப்பினருடன் பேசினால் போதும், அறிமுகம் நடந்துவிடும். உறுப்பினர்கள் இச்சிறு பணியை ஏற்று, தம் பகுதியில் இவ்வாண்டே தொடங்குவார்களாக.