எங்கள் குண்டுவுக்கு வந்த பெயர் தெரியாத நோய்

மகன் ஹாஸ்டலுக்குப் போனபோது என்னிடம் விட்டுச் சென்ற சொத்துதான் குண்டு. கினி பன்றி. பெயரில்தான் பன்றி, எலி, அணில் போலக் கொறித்துத் தின்னும் பிராணி. பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பொதுவாக ஐந்திலிருந்து எட்டு வருஷம் ஆயுள். குண்டுவுக்கு ஆறு நடக்கிறது. பாட்டி என்றே சொல்லலாம்.

காய்கறிப் பை சலசலத்தாலே "வீக், வீக்" என்று கத்தி ஊரைக் கூட்டுகிறவள், ஒரு நாள் காலையில் மூச்சுக் காட்டவில்லை. முடி சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி போட்ட அருகம்புல் அப்படியே கிடந்தது. புழுக்கையும் குறைவு. சமையலறைத் தராசில் வைத்தேன். 900 கிராம் இருந்தவள் 740 கிராம்!

"வயசாகிப் போச்சுத்தா, விட்டுரு" என்றார் மாமியார். என் கணவரோ, வீட்டில் மீந்து கிடந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமே என்றார். நல்லவேளை, கொடுக்கவில்லை. கூடையில் பழைய துண்டை விரித்து, ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறி திண்டுக்கல்லில் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால், ஜீரணத்துக்கு உதவும் குடல் கிருமிகள் அழிந்து இதன் உயிருக்கே ஆபத்தாம்!

இதற்குப் பல் ஆயுள் முழுக்க வளருமாம். கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்தால் தின்ன முடியாது. டாக்டர் பார்த்தார், பல் சரியாகவே இருந்தது. எக்ஸ்ரேயில் கல்லும் இல்லை.

"என்ன நோய்ன்னு உறுதியாச் சொல்ல முடியலம்மா. ஆனா வயிறு காயவே கூடாது. அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் ஓட்டம் நின்னு போகலாம். நீங்க ஊட்டித்தான் ஆகணும்" என்றார்.

ஊட்டினேன். பெல்லட் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொள்வேன். மடியில் நேராக உட்காரவைத்து, வாயின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விடுவேன். மல்லாத்தினால் புரையேறிவிடும். மென்று விழுங்கிய பிறகே அடுத்த வாய். மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் எழுந்து! டாக்டர் எழுதித் தந்த மருந்தும் வேளை தவறவில்லை.

இன்னொன்றும் சொன்னார். ஆடு, மாடு, நாய் எல்லாம் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளும். நம்மைப் போலவே கினி பன்றிக்கும் அந்தச் சக்தி இல்லை. 1907-இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினி பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வந்ததாம். அதனால் தினம் ஒரு சிறு துண்டு கொய்யா, கொஞ்சம் கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு குடைமிளகாய். எல்லாம் பச்சையாகவே, வேகவைத்தால் சத்து போய்விடும். ஆயக்குடிக் கொய்யா கிடைக்கிற ஊரில் நமக்கென்ன குறை? கொய்யா இனிப்பு என்பதால் அளவு மட்டும் மீறக் கூடாது.

ஐந்தாம் நாள் சிரிஞ்சைத் தள்ளிவிட்டுத் தானே ஓர் அருகம்புல்லை இழுத்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் 810 கிராம். பழைய 900 இனி வராது போலிருக்கிறது. நோயின் பெயரும் இன்றுவரை தெரியாது. வயதான உடம்பு, திரும்பவும் வரலாம்.

சகோதரிகளே, இந்தப் பிராணிகள் நோயை மறைத்துக் கொள்ளும். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். குறைந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். நம் குழந்தை சாப்பிடாவிட்டால், காரணம் தெரியட்டும் என்று காத்திருப்போமா? வாயில்லா ஜீவனுக்கும் அப்படித்தான்.

இதோ, பை சலசலத்தது போலிருக்கிறது. "வீக், வீக்!" கொய்யா வெட்டப் போகிறேன்.