பாடியவர் தெரியும்; வாசித்தவர் யார்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு சாப்பாட்டு விடுதி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நண்பருடன் வந்து உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று கேட்க, பரிமாறுகிறவர் வந்து நின்றார். அப்போது பார்த்து ரேடியோவில் "மை கேர்ள்" என்ற பாட்டு ஒலித்தது. உலகம் முழுவதும் பிரசித்தி பெற்ற பாட்டு அது.

வந்தவரின் முகம் மலர்ந்தது. "கேட்டாயா?" என்று பரிமாறுகிறவரிடம் ஆரம்பித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று நண்பர் கேட்டார். சொன்னால் நம்பமாட்டான், கிழவன் கதை அளக்கிறான் என்று நினைப்பான் என்பதுதான் பதில்.

அவர் பெயர் ராபர்ட் ஒயிட். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் படிப்படியாக ஏறிவரும் கிட்டார் இசையை 1964-ல் வாசித்தவர் அவர்தான்! 1994-ல் அவர் காலமானார்.

இந்தச் சம்பவத்தோடுதான் "ஸ்டாண்டிங் இன் தி ஷாடோஸ் ஆஃப் மோட்டவுன்" என்ற டாக்குமெண்டரிப் படம் தொடங்குகிறது. "மோட்டவுனின் நிழலில் நின்றவர்கள்" என்று தமிழில் சொல்லலாம். பால் ஜஸ்ட்மன் டைரக்ட் செய்த இந்தப் படம் 2002-ல் வெளிவந்தது.

போட்டோக் கடையில் பிறந்த சங்கீதம்

மோட்டார் கார்களுக்குப் பேர்போன டெட்ராயிட் நகரில் பெர்ரி கோர்டி என்ற நீக்ரோ வாலிபர் இருந்தார். (இப்போது அந்தச் சொல்லை யாரும் விரும்புவதில்லை, கறுப்பர் என்றே சொல்வோம்.) கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கினார். மேற்கு கிராண்ட் பூலவார்டில் 2648-ம் எண் வீட்டை வாங்கினார். முன்பு ஒரு போட்டோக்காரர் தொழில் நடத்திய வீடு அது.

வீட்டின் பின்பக்கத்து அறைதான் ஒலிப்பதிவு ஸ்டூடியோ. மின்சார வயர்கள் பாம்புபோல் தொங்கியதால், வாத்தியக்காரர்கள் அதற்குப் "பாம்புக் குழி" என்று பெயர் வைத்தார்கள். பாட்டுக்கு எதிரொலி சேர்க்க வேண்டுமா? மச்சில் ஓட்டை போட்டு, மேலே உள்ள பரணுக்கு ஒலியை அனுப்பி, அங்கிருந்து திரும்பப் பிடித்தார்கள். கம்பெனியின் பெயர் மோட்டவுன். இந்த வீட்டிலிருந்துதான் ஸ்டீவி ஒண்டரும், மார்வின் கேயும், டயானா ராசும் உலகப் புகழ் பெற்றார்கள்.

பாடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் வாசித்தவர்கள் ஏறக்குறைய ஒரே கோஷ்டி. "ஃபங்க் பிரதர்ஸ்" என்று பெயர். ஆனால் உடன் பிறந்தவர்கள் அல்ல. இரவில் கிளப்புகளில் ஜாஸ் வாசித்துப் பிழைத்தவர்கள். பியானோவுக்கு ஏர்ல் வான் டைக், டிரம்முக்கு பென்னி பெஞ்சமின், கஞ்சிரா போன்ற டாம்புரினுக்கு ஜாக் ஆஷ்போர்ட். கிட்டார் வாசித்த ஜோ மெசினாவும், பின்னால் வந்து சேர்ந்த பாப் பாபிட்டும் வெள்ளையர்கள். 1967-ல் டெட்ராயிட்டில் இனக் கலவரம் வெடித்து ஊரே எரிந்தபோதும் இந்தக் கோஷ்டி பிரியவில்லை. அந்த நாட்களைப் பற்றிக் கேட்டதும் பாபிட்டுக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. படத்தில் என் மனத்தைத் தொட்ட இடம் அது.

ஒற்றை விரல் வித்தை

கோஷ்டியின் உயிர்நாடி ஜேம்ஸ் ஜேமர்சன். பாஸ் கிட்டார் வாசிப்பவர். அந்த வாத்தியத்தைச் சாதாரணமாக யாரும் கவனிப்பதில்லை. நம் காதுக்கு அது அடியில் ஓடும் ஒரு முணுமுணுப்பு. ஜேமர்சன் அதைப் பேச வைத்தார்! மற்றவர்கள் இரண்டு விரலால் மீட்டுவதை அவர் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். அந்த விரலுக்குக் "கொக்கி" என்றே பெயர். அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார்.

1970-ல் மார்வின் கே தமது பாட்டுக்கு ஜேமர்சனைத் தேடி ஒரு மதுக்கடையில் கண்டுபிடித்து அழைத்து வந்தாராம். நிமிர்ந்து உட்கார முடியாத நிலை. தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்து முடித்தார். "வாட்ஸ் கோயிங் ஆன்" என்ற அந்த ஆல்பத்தின் உறையில்தான் இந்த வாத்தியக்காரர்களின் பெயர்களை மோட்டவுன் முதன்முதலாக அச்சிட்டது. "ஈடு இணையற்ற ஜேம்ஸ் ஜேமர்சன்" என்று போட்டார்கள்.

அதுவரை? பத்து ஆண்டுகளுக்கு மேல் பெயர் இல்லை. பாட்டு எத்தனை லட்சம் விற்றாலும் வாசித்தவருக்கு வாசித்த கூலிதான்.

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 1972-ல் கம்பெனி லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தது. வாத்தியக்காரர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வழக்கம்போல் வேலைக்கு வந்தவர்கள், இன்று வேலை இல்லை என்று கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஜேமர்சனும் அங்கே போய்ப் பார்த்தார். காலம் மாறிவிட்டது, குடியும் விடவில்லை. 1983 மார்ச்சில் மோட்டவுன் வெள்ளி விழா பெரிய டெலிவிஷன் நிகழ்ச்சியாக நடந்தது. மைக்கேல் ஜாக்சன் ஆடிய பிரபல நிகழ்ச்சி அது. ஜேமர்சனுக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 47.

அவர் வரலாற்றை 1989-ல் புத்தகமாக எழுதியவர் ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிட்டார்காரர். விடுதியில் ராபர்ட் ஒயிட்டுடன் சாப்பிட்டவரும் அவரே. புத்தகம் படமாவதற்குள் 13 ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை டெட்ராயிட்டில் கூட்டி வைத்து மறுபடி வாசிக்கச் செய்திருக்கிறார்கள். இறந்தவர்களின் பெரிய படங்களையும் மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். இக்காலப் பாடகர்கள் வந்து பாடும் பகுதிகள் சற்று நீளம்தான். கிழவர்களை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம். டிரம் வாசித்த ரிச்சர்ட் ஆலன் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். 2004-ல் கோஷ்டிக்கு வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது.

மகன் எடுத்த படம்

இந்தப் படத்துக்குப் பிறகு இதே வகையில் பல படங்கள் வந்தன. அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஸ்டூடியோக்களைப் பற்றிய "மசில் ஷோல்ஸ்" 2013-ல் வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நடமாடுவதே அபூர்வமாக இருந்த பிரதேசத்தில், அரீதா பிராங்க்ளினுக்கு வெள்ளைக்கார இளைஞர்கள் வாசித்த கதை. பின்பாட்டுப் பாடிய பெண்களைப் பற்றிய "டுவென்டி ஃபீட் ஃபிரம் ஸ்டார்டம்" ஆஸ்கார் பரிசே பெற்றது. அதில் வரும் டார்லீன் லவ் 1962-ல் பாடிய பாட்டு வேறொரு கோஷ்டியின் பெயரில் வெளியாகி முதலிடம் பிடித்தது! பின்னாளில் அவர் வீட்டு வேலை செய்து பிழைத்தார். ஒரு வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தம் குரலையே ரேடியோவில் கேட்டார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வாத்தியக்காரர்களைப் பற்றிய படம் "தி ரெக்கிங் க்ரூ". கிட்டார்காரர் டாமி டெடெஸ்கோவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மகன் டென்னி 1996-ல் காமிராவைத் தூக்கினார். மறு ஆண்டே தந்தை காலமானார். 2008-ல் படம் தயார். ஆனால் தியேட்டருக்கு வர முடியவில்லை. படத்தில் வரும் பாட்டுகளுக்கெல்லாம் கம்பெனிகளுக்கு உரிமைத் தொகை கட்டவேண்டும். அப்பா வாசித்த பாட்டை அப்பாவின் படத்தில் சேர்க்க மகன் ஊராரிடம் நன்கொடை திரட்டினார். 2015-ல்தான் படம் வெளியாயிற்று.